பெயர் நிலைபெறும் இடம்: தாவர வகைப்பாட்டு ஆய்வாளர் ஆய்விதழைத் தேர்ந்தெடுக்கும் முறை

முன்னுரை

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் வரிசையாக இடம்பெறுகின்றன. அவற்றுள் காந்தள், ஆம்பல், குவளை, குறிஞ்சி போன்றவற்றை நாம் இன்றும் இனங்கண்டு கொள்கிறோம். ஆனால் அனிச்சம் எந்தச் செடி என்பதில் அறிஞரிடையே இன்றளவும் ஒருமித்த கருத்து இல்லை. இது புலவரின் குறையன்று. அவர் பாட்டுப் பாடினார். செடியை உலர்த்திப் பாதுகாத்து வைப்பது அவர் வேலையன்று. எனினும் ஓர் உண்மை இதனால் புலனாகிறது. பெயர் மட்டும் எஞ்சி, அப்பெயருக்குரிய பொருளைச் சுட்டும் சான்று மறைந்துபோனால், பின்வருவோர் ஊகத்தையே நம்ப வேண்டியுள்ளது.

இக்குறை நேராதிருக்க, தாவரவியல் மூன்று கட்டுகளால் ஒரு பெயரைச் செடியோடு பிணைக்கிறது. முதலாவது, செடியின் பண்புகளைக் கூறும் விவரணை. இரண்டாவது, அப்பெயருக்கு என்றென்றும் சான்றாக நிற்கும் உலர் மாதிரி. இதனை வகைமாதிரி என்பர். மூன்றாவது, இவ்விரண்டையும் உலகறியச் செய்யும் வெளியீடு. முதல் இரண்டையும் நம் மாணவர் ஓரளவு கற்கின்றனர். மூன்றாவதாகிய வெளியீட்டை, அதாவது ஆய்விதழைத் தேர்ந்தெடுப்பதை, ஆய்வு முடிந்தபின் செய்யும் ஓர் அலுவலகக் காரியமாகவே பலரும் கருதுகின்றனர். அஃது ஆய்வின் ஒரு பகுதியே என்பதை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மண்ணும் நம் கடமையும்

சேலம், நாமக்கல் மாவட்டங்கள் 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் இச்சமவெளியினின்று தனித்து எழுந்து நிற்கின்றன. இத்தகைய தனித்த மலைகளில் வேறெங்கும் காணப்படாத செடிகள் வாழ்வது இயல்பு. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்னும் அரிய தாவரம் இதற்குத் தக்க சான்று. நம் மலையின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. பெயரிட்டவர் வனத்துறை அதிகாரியாகப் பணியாற்றிய ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள். 1915இல் வெளிவரத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலின் ஆசிரியர் இவரே. இவர் 1925இல் மறைந்தபின், எஞ்சிய பகுதிகளை ஃபிஷர் எழுதி 1936இல் நிறைவு செய்தார். பிற்காலத்தார் ஒரு செடியை வேறு பேரினத்திற்கு மாற்ற நேர்ந்தாலும், முறையாக வெளியிடப்பட்ட சிற்றினப் பெயர் பெரும்பாலும் அதனுடன் செல்லும். ஆதலால் சேர்வராயன் மலையின் பெயர் உலகத் தாவரப் பட்டியலில் நிலைத்துவிட்டது.

மலைகளில் மட்டுமன்று, சமவெளியிலும் ஆராய வேண்டியவை உள. சேலத்தையடுத்த வெள்ளைக்கல் கரடுகளின் மக்னீசியம் மிகுந்த மண், மோகனூர், பரமத்திவேலூர்ப் பகுதிக் காவிரிக் கரை, கோடையில் வற்றி மழையில் நிரம்பும் ஏரிப் படுகைகள், முட்புதர்க் காடுகள் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனித் தாவர உலகங்கள். அருள்தந்தை கே.எம். மத்தேயு 1967இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவி, நம் பகுதியையும் உள்ளடக்கிய தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைத் தம் குழுவினருடன் ஆராய்ந்தார். அதன் பயனாக விளைந்த தொகுதிகள் 1981 முதல் 1988 வரை வெளிவந்தன. நம் மாவட்டச் செடி எதனைப் பற்றி எழுதப் புகுவோரும் முதலில் புரட்ட வேண்டிய நூல் அதுவே. ஒரு கல்லூரியின் ஹெர்பேரியத்திலிருந்து உலகத்தரமான பணி விளைய முடியும் என்பதற்கும் அது சான்று.

இம்மலைகளில் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டதுண்டு. சாலைகளும் தோட்டங்களும் விடுதிகளும் பெருகியுள்ளன. பெயரிடப்படாத செடிக்காக எவரும் வாதாட முடியாது; அழிவுக்குள்ளான இனங்களின் பட்டியலில் அதனைச் சேர்க்கவும் இயலாது. ஆகவே முறையான வெளியீடு என்பது ஆய்வாளரின் பெருமைக்காக மட்டுமன்று. செடியின் வாழ்வுக்காகவும் ஆகும்.

வரலாறு கற்பிக்கும் பாடங்கள்

தரங்கம்பாடியில் சமயப் பணியாற்றிய ராட்லர் நம் நாட்டுச் செடிகள் பலவற்றைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றுள் பலவற்றிற்குப் பெர்லினிலிருந்த வில்டனோவ் பெயரிட்டு வெளியிட்டார். வெயிலில் அலைந்து திரட்டியவர் ஒருவர். பெயருக்கு ஆசிரியரானவர் மற்றொருவர். கண்டெடுத்தலும் வெளியிடுதலும் வெவ்வேறு செயல்கள் என்பதையும், பெயரின் உரிமை வெளியிடுதலையே சார்ந்தது என்பதையும் இது காட்டுகிறது.

அடுத்து ராபர்ட் வைட். இவர் 1838 முதல் 1853 வரை கிழக்கிந்தியத் தாவரங்களின் படத்தொகுதிகளைச் சென்னையிலேயே அச்சிட்டு வெளியிட்டார். 2,101 படத்தகடுகள் கொண்ட அத்தொகுதிகளுக்கு ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள் படங்கள் வரைந்தனர். இலண்டனில் அச்சாகவில்லை என்பதனால் அந்நூலை யாரும் ஒதுக்கிவிடவில்லை. விவரணை தெளிவாக இருந்தது; படம் துல்லியமாக இருந்தது; நூல் பிற நாட்டு அறிஞரைச் சென்றடைந்தது. ஆதலால் இன்றும் அது மேற்கோளாகிறது. வெளிநாட்டு இதழே உயர்ந்தது, உள்நாட்டு இதழ் தாழ்ந்தது என்னும் எண்ணம் பிழையானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மாறான சான்று ரஃபினெஸ்க் என்பவர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் வாழ்ந்த இவர் 6,000க்கும் மேற்பட்ட தாவரப் பெயர்களை வெளியிட்டார். அவற்றுள் பல, எளிதில் கிடைக்காத சிறு வெளியீடுகளிலும் தாமே அச்சிட்ட நூல்களிலும் வந்தவை. அக்காலத்தார் அவற்றைப் பெரிதும் புறக்கணித்தனர். பின்னாளில் அப்பெயர்களைத் தேடித் தொகுத்து ஒழுங்குபடுத்துவதே தனியொரு பெரும்பணியாயிற்று. படிப்பவர் கைக்கு எட்டாத இடத்தில் வெளியிடப்பட்ட பெயர் பின்வருவோருக்குச் சுமையாகிறது.

விதித்தொகுப்பு கூறுவது

பூஞ்சை, பாசி, தாவரம் ஆகியவற்றின் பெயர்களை ஆளும் பன்னாட்டுப் பெயரீட்டு விதித்தொகுப்பு ஒன்று உண்டு. பன்னாட்டுத் தாவரவியல் பேராயங்களில் அது திருத்தப்படுகிறது. 2017இல் ஷென்சென் நகரிலும் 2024இல் மாட்ரிட் நகரிலும் கூடிய பேராயங்கள் அண்மைய திருத்தங்களைச் செய்தன. தாவரப் பெயர்களின் முந்துரிமை, லின்னேயசின் நூல் வெளிவந்த 1753ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. இதழைத் தேர்ந்தெடுப்பவர் அறிய வேண்டிய விதிகள் பின்வருமாறு:

1. முந்துரிமை வெளியான நாளைப் பொறுத்தது. செடியைக் கண்ட நாளோ, கட்டுரையை இதழுக்கு அனுப்பிய நாளோ கணக்கில் வாரா.

2. அச்சு வெளியீடு, பொதுமக்களுக்கோ, குறைந்தது பயன்படுத்தத்தக்க நூலகங்களையுடைய அறிவியல் நிறுவனங்களுக்கோ வழங்கப்பட்டிருக்க வேண்டும். 2012 சனவரி முதல் நாளிலிருந்து மின்வழி வெளியீடும் ஏற்கப்படுகிறது. ஆனால் அது பி.டி.எஃப். வடிவில், பன்னாட்டுத் தர எண் பெற்ற இதழிலோ நூலிலோ வந்திருத்தல் வேண்டும்.

3. 1935 முதல் 2011 முடிய இலத்தீன் விவரணை கட்டாயமாக இருந்தது. 2012 முதல் இலத்தீன் அல்லது ஆங்கிலம், இரண்டில் ஒன்று போதும்.

4. 1958 முதல் வகைமாதிரியைச் சுட்டுவது கட்டாயம். மாதிரி ஒன்றனை வகையாகக் கொண்டு 1990 முதல் வெளியிடப்படும் பெயருக்கு, அஃது எந்த ஹெர்பேரியத்தில் உள்ளது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

5. அறிவியல் சாராத செய்தித்தாளில் 1953 முதல் வந்த பெயர் வெளியீடாகக் கருதப்படுவதில்லை. அவ்வாண்டு முதல் பட்டத்திற்கென அளிக்கப்படும் ஆய்வேட்டில் மட்டும் உள்ள பெயரும், அவ்வேடே தன்னை முறையான வெளியீடெனக் காட்டினாலன்றி, வெளியீடாகாது.

ஐந்தாம் விதியை ஆய்வு மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். பட்டம் கிடைத்தபின் ஆய்வேடு நூலக அடுக்கில் உறங்குமாயின், அதிலுள்ள புதிய இனத்திற்கு உலகில் பெயரே இல்லை. கருத்தரங்கச் சுருக்கத்திலோ, இது போன்ற கல்லூரி மலரிலோ புதிய பெயரை முன்கூட்டி அச்சிடுவதும் தவறு. விவரணையும் வகைமாதிரிக் குறிப்பும் இன்றி வந்தால் அது வெற்றுப் பெயராய் நின்றுவிடும். அவற்றோடு வந்தாலோ, எவர் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு பெயரைப் புதைத்ததாக முடியலாம். இம்மலர் தாவரங்களைப் பற்றிப் பேசலாம். தாவரத்திற்குப் பெயர்சூட்டும் இடமாக இஃது இருத்தலாகாது.

ஆய்வுக்கேற்ற இதழ்

எந்த இதழ் சிறந்தது என்று மாணவர் கேட்பதுண்டு. எந்த ஆய்வுக்கு என்று எதிர்வினா எழுப்புவதே சரியான விடையாகும்.

புதிய சிற்றினத்தை விவரிக்கும் கட்டுரைக்கு, வகைப்பாட்டியலுக்கெனவே நடைபெறும் இதழே தக்கது. இந்தியாவில் கோழிக்கோட்டை இருப்பிடமாகக் கொண்ட இந்தியப் பூக்கும் தாவர வகைப்பாட்டியல் சங்கம் 1991 முதல் ‘ரீடியா’ இதழை நடத்துகிறது. ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூலை வெளிக்கொணர்ந்த வான் ரீடின் பெயரால் அமைந்த இதழ் அது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் செய்தியிதழாக 1959இல் தொடங்கியது, இன்று தாமரையின் அறிவியற் பெயரான ‘நெலும்போ’ என்பதைத் தாங்கி வருகிறது. வெளிநாட்டில் 1887இல் தொடங்கிய ‘கியூ புல்லட்டின்’, நியூசிலாந்திலிருந்து 2009 முதல் வரும் ‘ஃபைட்டோடாக்சா’, 2010 முதல் வரும் ‘ஃபைட்டோகீஸ்’ ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கேம்பிள் தாம் கண்ட புதிய இனங்கள் பலவற்றை வெளியிட்டதும் கியூ தோட்டத்தின் இதழிலேயே.

பெயரீட்டுச் சிக்கல்களை ஆராய்ந்து தீர்வு கூறும் கட்டுரைக்கு, 1951 முதல் வெளிவரும் ‘டாக்சான்’ உரியது. ஏற்கெனவே அறியப்பட்ட செடி நம் மாவட்டத்தில் முதன்முறையாகக் கிடைத்தது என்னும் பரவல் செய்தியை இத்தகைய இதழுக்கு அனுப்புவது வீண் முயற்சி. அதற்குக் கோயம்புத்தூரிலிருந்து 2009 முதல் வரும் அருகிவரும் உயிரினங்கள் பற்றிய ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்சா’, 1886 முதல் நடைபெறும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழக இதழ் போன்றவை பொருந்தும். ஒரு பேரினம் முழுவதையும் ஆராய்ந்த திறனாய்வுக்கு நீண்ட கட்டுரைகளை ஏற்கும் இதழோ, தனி நூலோ தேவைப்படும். மலைவாழ் மக்களின் பயன்பாட்டு அறிவே கட்டுரையின் உயிர்நாடியாயின், அதனை மக்கள் தாவரவியல் இதழுக்கு அனுப்ப வேண்டும்.

ஓர் எளிய சோதனை உண்டு. உம் கட்டுரையின் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். அதில் எந்த இதழ்கள் மீண்டும் மீண்டும் வருகின்றனவோ, அவற்றின் வாசகரே உம் வாசகர். பட்டியலில் ஒருமுறைகூட இடம்பெறாத இதழுக்குக் கட்டுரையை அனுப்ப எண்ணினால், சற்று நின்று சிந்தியுங்கள்.

எண்களின் மயக்கமும் போலி இதழ்களும்

இதழின் தாக்கக் காரணி என்னும் எண்ணைக் கொண்டு ஆய்வை மதிப்பிடும் வழக்கம் இன்று வலுப்பெற்றுள்ளது. முந்தைய 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் ஓராண்டில் எத்தனை முறை மேற்கோளாயின என்பதே அவ்வெண்ணின் அடிப்படை. மருத்துவத்திற்கு அது பொருந்தலாம். நூறாண்டுக்கு முந்திய விவரணையை இன்றும் எடுத்துப் படிக்கும் வகைப்பாட்டியலுக்கு 2 ஆண்டு அளவுகோல் எங்ஙனம் பொருந்தும்? 2020இல் விலங்கு வகைப்பாட்டு இதழான ‘சூடாக்சா’, தன் கட்டுரைகளைத் தானே மிகுதியாக மேற்கோள் காட்டுகிறது என்று கூறித் தாக்கக் காரணிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வகைப்பாட்டாளர்கள் உலகெங்கும் எதிர்ப்புத் தெரிவித்தபின் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஒரு துறையின் பெரும்பாலான கட்டுரைகள் ஓரிதழில் வரும்போது, அவை ஒன்றையொன்று சுட்டுவது இயல்பே. எண் அதனை அறியாது.

மற்றோர் இடர், பணம் பெற்றுக்கொண்டு எதனையும் அச்சிடும் போலி இதழ்கள். பல்கலைக்கழக மானியக் குழு தான் ஏற்ற இதழ்ப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை 2018 மே மாதம் நீக்கியது. 2019இல் ‘கேர்’ பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழ்களை மதிப்பிடும் அளவுகோல்கள் மட்டும் பரிந்துரைக்கப்பட்டன. ஆக, இதழைத் தேரும் பொறுப்பு இப்போது ஆய்வாளர் தோள்மீதும் கல்லூரிகள்மீதும் வந்து அமர்ந்துள்ளது. முனைவர் பட்டத்திற்குக் கட்டுரை வெளியிட்டேயாக வேண்டும் என்னும் கட்டாயத்தை மானியக் குழு 2022 விதிமுறைகளில் தளர்த்தியது. எனினும் பதவி உயர்வும் பணி வாய்ப்பும் கருதி விரைந்து வெளியிடும் நெருக்கடி குறைந்தபாடில்லை.

போலியை இனங்காண்பது கடினமன்று. சில நாட்களில் ஏற்பு உறுதி என்று மடல் வரும். இயற்பியலும் இலக்கியமும் வணிகவியலும் ஒரே இதழில் இடம்பெறும். ஆசிரியர் குழுவில் வகைப்பாட்டியல் அறிந்தவர் ஒருவரும் இரார். பழைய இதழ்கள் எங்குப் பாதுகாக்கப்படுகின்றன என்பதற்கு விடை கிடைக்காது. ஆனால் கட்டணம் பெறும் இதழெல்லாம் போலி என்று கருதுவதும் தவறு. யாவரும் விலையின்றிப் படிக்கும் பொருட்டுச் சில நல்லிதழ்கள் ஆசிரியரிடம் கட்டணம் பெறுகின்றன. வசதியற்ற மாணவர், கட்டணம் கேட்காத நல்லிதழை நாடுவதில் இழிவேதும் இல்லை.

போலி இதழால் விளையும் தீங்கு ஆசிரியரோடு முடிவதில்லை. தகுதியுடைய மதிப்பீட்டாளர் ஒருவர் படித்திருந்தால், இது முன்பே பெயரிடப்பட்ட செடி என்று தடுத்திருப்பார். அத்தடை இல்லாதபோது தேவையற்ற பெயர் ஒன்று உலகில் புகுந்துவிடும். விதிப்படி வெளியாகிவிட்ட பெயரைத் திரும்பப் பெற வழியில்லை. பின்வருவோர் அனைவரும் அதனை ஆராய்ந்து, ஒதுக்கிக்கொண்டேயிருக்க வேண்டும்.

அனுப்புமுன் செய்ய வேண்டியவை

மாணவர் ஒருவர் கொல்லிமலையில் புதியதெனத் தோன்றும் செடி ஒன்றைக் கண்டார் எனக் கொள்வோம். அவர் முதலில் வனத்துறையின் இசைவுடன் மாதிரி திரட்ட வேண்டும். அரிய செடியாயின் வேரோடு பிடுங்குதல் கூடாது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்திலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும், திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்திலும் உள்ள மாதிரிகளோடு அதனை ஒப்பிட வேண்டும். செடி ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்ததாயின் ஏற்காட்டிலுள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டம் துணைபுரியும். கியூ முதலிய வெளிநாட்டு ஹெர்பேரியங்களின் வகைமாதிரிப் படங்களை இன்று கணினித் திரையிலேயே காணலாம்.

புதியது என்று உறுதியானபின், வகைமாதிரியை நிலையான ஹெர்பேரியம் ஒன்றில் ஒப்படைத்துச் சேர்க்கை எண் பெற வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டமும், புதிதாகக் கண்டறிந்த இனத்தைக் குறித்த காப்பகங்களுக்குத் தெரிவித்து, மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்று கூறுகிறது. அதன்பின், தேர்ந்த இதழின் அண்மைய 3 அல்லது 4 இதழ்களை முழுதும் படித்து, அதன் அமைப்பிலேயே கட்டுரையை எழுத வேண்டும். ஒரே நேரத்தில் ஓரிதழுக்கே அனுப்ப வேண்டும். மதிப்பீட்டாளர் குறை கூறினால் மனம் தளராமல் திருத்த வேண்டும். சில மாதங்கள் கடக்கலாம். அக்காலத்தில் செய்தித்தாளுக்குப் பேட்டி கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

தமிழுக்கு உரிய இடம்

தமிழில் மட்டும் எழுதிய விவரணையை விதித்தொகுப்பு ஏற்பதில்லை என்பது தமிழன்பர்க்கு வருத்தம் தரலாம். ஆயினும் மூன்று வழிகள் திறந்தே உள்ளன. செடியை மலைவாழ் மக்கள் அழைக்கும் பெயரை, அவர்கள் ஒலிக்கும் வண்ணமே கேட்டு எழுதி, முதல் விவரணையிலேயே சேர்க்கலாம். வழிகாட்டி உதவியவருக்கு நன்றி கூறுவதும் அங்கேயே இடம்பெறலாம். ஊர்ப்பெயரையோ தமிழ்ச் சொல்லையோ இலத்தீன் வடிவாக்கிச் சிற்றினப் பெயராகச் சூட்டலாம். கட்டுரை வெளிவந்தபின், அச்செய்தியைத் தமிழில் எழுதி அம்மலையூர்ப் பள்ளிக்கும் ஊராட்சிக்கும் அளிக்கலாம். தன் ஊரில் மட்டுமே வாழும் செடி இன்னதென்று அறிந்த மக்களே அதன் முதற் காவலர் ஆவர்.

முடிவுரை

ஆய்விதழைத் தேர்ந்தெடுக்கும்போது, எனக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பது இயல்பு. அதற்கு முன் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: நூறாண்டு கழித்து ஒருவர் இச்செடியின்முன் நின்றால், அதன் பெயரையும் விவரணையையும் மாதிரியையும் அவரால் தேடிக் கண்டடைய முடியுமா? ஆம் என்று விடை தரும் இதழ், கோழிக்கோட்டில் வெளிவந்தாலும் இலண்டனில் வெளிவந்தாலும் நல்ல இதழே. இல்லை என்று விடை தருமாயின், அதன் எண் எவ்வளவு உயர்ந்ததாயினும் அது நமக்கு வேண்டுவதன்று. கல்லூரிகள் ஆய்விதழ்களை அறிமுகம் செய்யும் வகுப்பொன்றை முதுகலைப் பாடத்திலேயே சேர்க்கலாம். சமுதாயப் பெரியோர் சிறியதொரு ஹெர்பேரியம் அமையவும், மாணவர் பிற ஊர் ஹெர்பேரியங்களுக்குச் சென்று வரவும் பொருளுதவி புரியலாம். நம் மலைகளிலும் ஏரிப் படுகைகளிலும் இன்னும் பெயர் பெறாத செடிகள் இருக்கக்கூடும். அவற்றை முறையாக உலகுக்கு அறிமுகப்படுத்தும் கைகள் நம் மாணவரின் கைகளாகட்டும்.